பதினேழு இணக்கமின்மைகள்

எங்கள் கல்லூரி அன்று வாங்கியது பதினேழு கோல். அதில் ஈப்போ கல்லூரிக்காரர்கள் அடித்தது பதினாறு. மீதி ஒன்றை அடித்தவர் எங்கள் கல்லூரி இயக்குநர். கம்பங்களுக்கு நடுவே நின்றிருந்தவன் நான்தான். ஆகவே எனக்குக் கணக்கு சரியாகத் தெரியும்.

கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில், தக்காளிக் கொட்டகைகளுக்கும் ஒரு லோரி பட்டறைக்கும் இடையில் இருக்கிறது அந்தத் தொழிற்கல்லூரி. நான் அங்கே குளிர்சாதனப் பராமரிப்பு படித்தேன். மத்தியானத்திலும் சுவெட்டர் போட்டுக்கொண்டு திரியும் ஊரில் ஏர்கோன் பழுதுபார்க்க முப்பத்திரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தோம். பயிற்சிக்கென்று ஒரே ஒரு ஏர்கோன் இருந்தது. அதை ஆசிரியர் ஒருநாளும் ஓடவிட்டதில்லை. ஓடினால் எல்லோருக்கும் சளி பிடிக்கும் என்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கோலா தெர்லாவிலிருந்து உள்ளே நாலு கட்டை தூரம், முழுக்கச் செம்மண் பாதை. காலை ஏழரைக்குக் கல்லூரியில் கைரேகை வைக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கிருந்து வண்டி கிடையாது. விடுதியில் இருந்தால்தான் படிக்க முடியும். எனக்கு விடுதி இடம் கிடைத்தது விளையாட்டாளர் என்ற பெயரில். பந்துக் குழுப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை கட்டில் என்னுடையது. பெயர் போனால் கட்டில் போகும், கட்டில் போனால் படிப்பு போகும். படிப்பு போனால் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது கூலியாட்கள் பதிவேட்டில், என் பெயர் ஏறும்.

என் அப்பா இருளப்பன் அந்தச் செக்ரோலில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறார். கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு முனை அப்பாவுடையது. மறுமுனைக்கு வந்த வெளிநாட்டு ஆட்கள் எல்லாம் நாடு திரும்பிவிட்டார்கள், இப்போது ஏழாவது ஆள். "நீ எந்த வேலைக்கும் போ. இந்த ரோல்ல மட்டும் பேர் ஏறக்கூடாது" என்று அப்பா ஒரு தடவை சொன்னார். அவர் எதையும் இரண்டாம் தடவை சொல்லும் ஆள் இல்லை.

கல்லூரிக்கு அந்த வருடம் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அதைத் தக்கவைக்க ஆண்டுக்கு ஒரு விளையாட்டுப் போட்டியாவது நடத்தியாக வேண்டுமாம். எங்கள் விளையாட்டு அதிகாரி திரு. ஹரிதாஸ் ஈப்போவுக்குக் கடிதம் எழுதினார். ஈப்போவில் அந்தக் கல்லூரிக்குப் பயிற்சியாளர்கள் மட்டுமே மூன்று பேர். எங்களுக்கு ஹரிதாஸ். அவர் பந்தாட்டத்தைத் திரையில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். திடலில் கூடாரம் போட்டுவிட்டதால் கடைசி இரண்டு வாரம் கார் நிறுத்துமிடத்தில் பழகினோம். கூடாரத்தை அவ்வளவு முன்கூட்டியே ஏன் போட வேண்டும் என்று ஃபாஹ்மி கேட்டான்.

"ஒத்திகைக்கு" என்றார் ஹரிதாஸ்.

"பந்தாட்டத்துக்கா சார்?"

"திறப்பு விழாவுக்கு."

ஃபாஹ்மி எங்கள் தடுப்பாட்டக்காரன். அவன் வாப்பா பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். எதிராளி தன்னைத் தாண்டிப் போனால் அவன் ஓடிப் பிடிப்பதில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "லிங்கம், வர்றான் பாரு" என்பான். அதைத் தடுப்பாட்டம் என்றே நினைத்திருந்தான்.

போட்டி நாளன்று காலை ஆறு மணிக்கு எங்களை எழுப்பினார்கள். இருநூறு நாற்காலி அடுக்கினோம். மேடைக்கு ஸ்ட்ராபெரித் தொட்டி சுமந்தோம். எட்டு மணியிலிருந்து ஜெர்சியோடு வரிசையில் நின்றோம். கியா பார்மில் சுற்றுலாக்காரர்களின் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டதால் இயக்குநர் பத்தேகாலுக்கு வந்தார். ஈப்போக்காரர்கள் பேருந்துக்குள்ளே படுத்துத் தூங்கினார்கள். அவர்கள் விருந்தினர்கள், நிற்க வேண்டியதில்லை.

இயக்குநர் ஸுல்கிஃப்லி நாற்பது நிமிடம் பேசினார்.

"இன்று இங்கே நடக்கப்போவது போட்டி அல்ல, ஒரு செயல்முறை. வெற்றி தோல்வி நம் கையில் இல்லை. ஆவணம் நம் கையில் இருக்கிறது. எது நடந்தாலும் அதை முறையாகப் பதிவு செய்தால் அது தரம். தரமான கல்லூரியில் தவறு நடக்காது. நடந்தால், அது கல்லூரியின் தவறாக இருக்காது."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கைக்குச் சூடு வேண்டியிருந்தது.

நிகழ்ச்சி நிரலில் எட்டாவது, இயக்குநர் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடக்கிவைப்பது. நான் கோலில் நிற்க வேண்டும், பந்தைத் தடுக்கக் கூடாது என்று ஹரிதாஸ் இரண்டு நாளாகச் சொல்லி வந்தார். இயக்குநர் தோல் சப்பாத்தோடு உதைத்தார். முதல் பந்து தேயிலைச் சரிவில் உருண்டுபோனது. இரண்டாவது புகைப்படக்காரர் மேல் பட்டது. மூன்றாவது என்னை நோக்கி வந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஹரிதாஸ் கோட்டுக்கு வெளியிலிருந்து தாடையால் சைகை செய்தார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் செய்தார். நான் போய்ப் பந்தைக் காலால் தட்டிக்கொண்டு வந்து, எங்கள் வலைக்குள் விட்டேன். பட்டாசு வெடித்தது. மின்பலகையில் வருகையாளர் பக்கம் ஒன்று என்று விழுந்தது.

அதை அழிக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. இயக்குநர் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆட்டம் தொடங்கியது.

இடைவேளைக்குள் ஈப்போக்காரர்கள் எட்டு அடித்தார்கள். இடைவேளையில் பிரியாணி வந்தது. இயக்குநரும் அதிகாரிகளும் மண்டபத்துக்குச் சாப்பிடப் போனார்கள், மாணவர்கள் பின்னால் போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. மேலேயிருந்து மூடுபனி இறங்கியது. இருநூறு நாற்காலியும் காலி. என் கோலுக்குப் பின்னால் ஒரு ஆள் மட்டும் கறுப்புக் குடையோடு நின்றார். கோயிலுக்குப் போடும் சட்டை. கால்களில் மலைக்குப் போகும் ரப்பர் பூட்ஸ்.

அப்பா வருவதாகச் சொல்லவில்லை. நான் ஆடி அவர் பார்த்ததும் இல்லை.

"லிங்கம், பலகையில ரெண்டு நம்பர் வரும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்டா" என்றான் ஃபாஹ்மி, பத்தாவது கோல் விழுந்தபோது. பதினேழாவது விழுந்ததும் நடுவர் இரண்டு நிமிடம் முன்கூட்டியே விசில் ஊதினார். நல்ல மனிதர். நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அருகில் வந்து என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"சரி. கடைசி லோரி போயிரும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை என்னைத் தர உறுதிப்பாட்டுப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே புவான் அஸ்லினா இருந்தார். கோபப்படாத, யாரையும் கடிந்துகொள்ளாத அதிகாரி. எனக்கு நாற்காலி கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, மேசைமேல் ஒரு கட்டுக் காகிதத்தை வைத்தார்.

"கல்லூரிச் சொத்தான வலைக்குள் அனுமதியில்லாமல் ஒரு பொருள் நுழைந்திருக்கிறது" என்றார் மலாயில். "கையேட்டின்படி இது ஓர் இணக்கமின்மை. ஓர் இணக்கமின்மைக்கு ஒரு படிவம். உனக்குப் பதினேழு."

"ஒரே ஆட்டம்தானே மேடம்?"

"ஒரே ஆட்டம்தான். ஆனால் பந்து பதினேழு முறை நுழைந்திருக்கிறது. கேண்டீனில் போன வருடம் முழுவதும் மூன்றுதான்." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "வியாழக்கிழமை தணிக்கைக்கு வருகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடவில்லை என்றால் குழுப் பட்டியலிலிருந்து உன் பெயரை நீக்குவதைத் தவிர வழியில்லை."

படிவத்தில் நேரம், இடம், மூலக் காரணம், திருத்த நடவடிக்கை, சாட்சி என்று கட்டங்கள் இருந்தன. மூலக் காரணத்துக்கு மூன்றே பெட்டி: கவனக்குறைவு, ஒழுங்கின்மை, பயிற்சிக்கு வராமை.

"அவங்க நல்லா ஆடினாங்க மேடம். அதுதான் காரணம்."

"அது வெளிக்காரணம். வெளிக்காரணத்தை நம்மால் திருத்த முடியாது. திருத்த முடியாததைக் காரணமாக எழுத முடியாது."

மூன்றில் எது சுலபமாக மூடப்படும் என்று கேட்டேன். கவனக்குறைவு என்றார். ஒழுங்கின்மைக்கு விசாரணைக் குழு உட்காரும். பயிற்சிக்கு வராமைக்கு வருகைப் பதிவேடு காட்ட வேண்டும். நான் எல்லாப் பயிற்சிக்கும் போயிருந்தேன், அது என் துரதிர்ஷ்டம்.

அன்று சாயங்காலம் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பதினேழு படிவத்திலும் கவனக்குறைவு என்று குறித்தேன். ஃபாஹ்மி கால் ஆட்டிக்கொண்டு பார்த்தான்.

"எனக்கு ஏன்டா ஒண்ணும் வரல? பதினாறும் என்னத் தாண்டித்தானே போச்சு?"

"தாண்டுறது இணக்கமின்மை இல்லையாம். உள்ள போறதுதான்."

"அல்லாவே. அப்ப நான் தரமான ஆளு லா."

சாட்சிக் கட்டம்தான் நின்றுபோனது. ஆட்டக்காரர்கள் சாட்சி சொல்லக் கூடாது. எதிரணியும் நடுவரும் வெளியாட்கள். அதிகாரிகள் எல்லோரும் பிரியாணியில் இருந்தார்கள். இரண்டு பாதியையும் பார்த்த மூன்றாம் தரப்பு யார் என்று அஸ்லினா புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு படத்தின் ஓரத்தில் கறுப்புக் குடை தெரிந்தது.

அப்பா புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தார். அதே சட்டை, அதே பூட்ஸ். பூட்ஸை வாசலில் கழற்றிவைத்துவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். ஹரிதாஸும் இருந்தார்.

"வணக்கங்க கிராணி ஐயா" என்றார் அப்பா, தோட்டத்து ஆபீஸ் கணக்கரைக் கூப்பிடும் பழக்கத்தில்.

"நான் கிராணி இல்ல. விளையாட்டு அதிகாரி."

"சரிங்க கிராணி ஐயா."

அஸ்லினா கையேட்டைத் திறந்து விரலால் வரி பிடித்து வாசித்தார். சாட்சி சொல்பவர் அந்த இணக்கமின்மையால் ஆதாயம் அடைந்தவராக இருக்கக் கூடாது. பிறகு அப்பாவை மலாய் வழக்கப்படி மாமா என்று அழைத்துக் கேட்டார்: "பாக்சிக், உங்கள் மகன் கோல் வாங்கியதால் உங்களுக்கு ஏதாவது ஆதாயம் உண்டா?"

அப்பா யோசித்தார். மலாயிலேயே பதில் சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா."

"அப்படியென்றால் நீங்கள் சாட்சியாக இருக்கலாம்."

முதல் படிவத்தை அவர் முன்னால் வைத்தார்கள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு நேரத்தைப் படித்தார். பத்து ஐம்பத்தெட்டு.

"இது உங்க தொரை அடிச்சதுல்ல?"

ஹரிதாஸ் கதவைச் சாத்தினார்.

"அது கோல் இல்லைங்க. தொடக்க விழா."

"அப்ப இதுக்கு ஏன் ஃபாரம்?"

"பலகையில் பதிவாகிவிட்டது" என்றார் அஸ்லினா. "பலகை ஓர் ஆவணம்."

"எம்மவன் கவனக்குறைவா இருந்ததாலதான் தொரை அடிச்ச பந்து உள்ள போச்சுன்னு எழுதியிருக்கே. தொரைக்கு அடிக்கத் தெரியாதுன்னு ஆயிராதா?"

அப்பா நக்கலடிக்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார். இரண்டு அதிகாரிகளும் வெளியே போய்ப் பேசிவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பினார்கள். இயக்குநருடைய ஒப்புதலும் கையோடு வந்தது. முதல் படிவத்தில் மட்டும் நான்காவதாக ஒரு பெட்டியைப் பேனாவால் வரைந்தார்கள். அதன் பக்கத்தில் "உதைத்தவரின் சிறப்பான திறமை" என்று எழுதி, அஸ்லினா அதைக் குறித்தார்.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதே பொட்டிய மத்த பதினாறுலயும் போட்டுருங்கம்மா. அந்தப் புள்ளைங்க நல்லாத்தான் அடிச்சாங்க."

"முடியாது, பாக்சிக். அந்தப் பெட்டி இந்த ஒரு சம்பவத்துக்கு மட்டும் ஒப்புதல் பெற்றது."

அப்பா கையெழுத்துப் போட்டார். அவர் சுருக்கமாகக் கிறுக்குகிறவர் இல்லை. இருளப்பன் என்று ஆறு எழுத்தையும் தமிழில் தனித்தனியாக எழுதுவார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றுக்கும் ஹரிதாஸ் நேரத்தை வாசித்து, "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்க வேண்டும். அப்பா "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். "கவனக்குறைவுதானே?" அதற்கு அப்பா பதில் சொல்லாமல் எழுத ஆரம்பித்துவிடுவார். ஹரிதாஸ் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். நான் சுவரோரம் நின்றிருந்தேன்.

ஏழாவதில் அப்பா பேனாவை வைத்தார்.

"வாங்கினது பதினேழு. நான் எண்ணிக்கிட்டு நின்னேன். புடிச்சது நாப்பத்தொண்ணு. அதுக்கு ஃபாரம் இருக்காம்மா?"

அஸ்லினா கையேட்டின் பொருளடக்கத்தைப் பார்த்தார். நேர்மையாகத்தான் பார்த்தார். "நடக்காத சம்பவத்துக்குப் படிவம் இல்லை, பாக்சிக்."

அப்பா மறுபடி பேனாவை எடுத்தார். எட்டு, ஒன்பது, பத்து.

பதினொன்றாவதில் நேரம் பன்னிரண்டு இருபத்தாறு. பனி இறங்கிய பிறகு விழுந்த கோல். அவர்களுடைய ஏழாம் எண்காரன் அடித்ததை நெஞ்சால் தடுத்தேன். திரும்பி அடித்ததைக் காலால் தடுத்தேன். மூன்றாவதாக வேறொருவன் அடித்தது, எழுந்திருப்பதற்குள் வந்தது, கம்பத்தில் இடித்துக்கொண்டு விரல் நுனியால் தள்ளினேன். நான்காவதாக அடித்தபோது நான் தரையில் கிடந்தேன். பந்து என் முதுகுக்கு மேலே போனது. எங்கள் ஆள் ஒருவனும் அந்தப் பக்கமே இல்லை.

"கவனக்குறைவுதானே?" என்றார் ஹரிதாஸ்.

"இல்ல" என்றார் அப்பா, தமிழில்.

"என்னங்க?"

"இதுல போடமாட்டேன். நாலு தரம் அடிச்சானுங்க. மூணு தரம் புடிச்சான். நான் பத்தடி தள்ளி நின்னேன். எம்புள்ள மூச்சு எனக்குக் கேட்டுச்சு. இத எப்படிய்யா கவனக்குறைவுன்னு எழுதுவேன்?"

ஹரிதாஸுக்கு அன்று முதல்முறையாகக் குரல் இளகியது. "இங்க பாருங்கண்ணே. நானும் எஸ்டேட்ல பொறந்தவன்தான். எனக்குத் தெரியாதா? வெறும் காயிதம்ண்ணே இது. பதினேழும் முழுசா இருந்தாத்தான் ஃபைல் மூடும். ஒண்ணு கொறஞ்சாலும் நாளைக்குப் பையன் பேரு லிஸ்ட்ல இருக்காது. ஹாஸ்டல் சாவிய வாங்கிருவாங்க. உங்க புள்ளைக்காகத்தான் சொல்றேன்."

அப்பா என்னைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் யார் சொன்னதையும் திருப்பிக் கேட்காத மனிதர். என்னிடம் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை.

"போடட்டுமாடா?" என்று கேட்டார்.

அவர் போட்டுவிடுவார். அவருடைய முகத்திலேயே தெரிந்தது. நான் தலையை ஆட்டினால் போதும், தன் கண்ணால் பார்த்ததைப் பொய் என்று தானே எழுதிவிடுவார். இன்னும் ஏழு தடவை எழுதுவார். ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்து.

"வேண்டாம்ப்பா" என்றேன். அஸ்லினாவிடம், "படிப்பை நிறுத்திக்கிறேன் மேடம். அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளைக் கொடுத்தார். ஒரே பக்கம். பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து. சாட்சி கேட்கவில்லை. பதினெட்டு வயது தாண்டியிருந்ததால் தகப்பன் கையெழுத்தும் வேண்டாம். காரணம் என்ற இடத்தில் நீளமாக வெற்றிடம் விட்டிருந்தார்கள், எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

"டேய், கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு?" அப்பா எழுந்தார். கண்ணாடி கீழே விழுந்தது. "அம்மா, அவன் சொல்றதக் கேக்காதீங்க. சின்னப் பய. நான் போடுறேன். கிராணி ஐயா, எடுங்க, எல்லாத்தையும் எடுங்க."

படிவங்களைத் தானே இழுத்துக்கொண்டார். நேரம் வாசிக்கவில்லை. யாரும் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. கண்ணாடி இல்லாமல், மேசைமேல் குனிந்து, வேகவேகமாக எழுதினார். பன்னிரண்டில் எழுத்து கோட்டை விட்டு இறங்கியது. பதினான்கில் காகிதம் கிழிந்தது. எழுதிக்கொண்டே, "போட்டுட்டேன்மா, போட்டுட்டேன், அந்த ஃபாரத்த வாங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேசையின் மறுமுனையில் நான் என் அடையாள அட்டை எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே பக்கம் என்பதால் நான்தான் முதலில் முடித்தேன்.

அஸ்லினா இரண்டு பேரிடமிருந்தும் வாங்கிக்கொண்டார். என்னுடையதில் பதினொன்று நாற்பத்திரண்டு என்று முத்திரை குத்தினார். அப்பாவுடையதில் பதினொன்று நாற்பத்தைந்து. பிறகு பதினேழு படிவத்தையும் வரிசைப்படுத்தி, திருத்த நடவடிக்கை என்ற கட்டம் காலியாக இருப்பதைக் கவனித்தார். பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் நிதானமாக எழுதினார்: கோல்காப்பாளர் நீக்கப்பட்டார்.

"நல்லபடியாக மூடிவிட்டது" என்றார். அவர் நிம்மதியாகச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அப்பாவின் கண்ணாடியை அவரே குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை தணிக்கையாளர்கள் வந்து போனார்கள். பதினேழு இணக்கமின்மைகளை மூன்று வேலை நாளில் மூடிய கல்லூரி இந்த வட்டாரத்தில் வேறு இல்லை என்று பாராட்டினார்களாம். ஃபாஹ்மி போனில் சொன்னான். சொல்லிவிட்டு, "உன் கட்டில்ல ஃபைலு அடுக்கியிருக்காங்கடா" என்றான்.

புதன்கிழமை நாங்கள் பெட்டியோடு சாலைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கோலா தெர்லா பக்கம் போகும் காய்கறி லோரிக்காகக் காத்திருந்தோம். அப்பா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தன் காலருகே வைத்துக்கொண்டார். இரண்டு லோரி நிற்காமல் போனது. அவர் கை தூக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"கிராணிகிட்ட பேசி உன்ன ஆலையில போடச் சொல்றேன். மலைக்கு வேணாம்" என்றார்.

"சரிப்பா."

மூன்றாவது லோரி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. அப்பா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதினொண்ணு…" என்றார்.

"என்னப்பா?"

"அவசரத்துல அதுலயும் போட்டுட்டேன்டா."